இர்பானா அணைத்த எச்சரிக்கை

சசிகுமாரின் வலது கையில் மூன்று விரல்கள் போனதற்குச் சாமி குற்றம் காரணம் என்றார்கள். குடி காரணம் என்றார்கள். கண் திருஷ்டி என்றார்கள். ஒரு கணிப்பொறி நிரலின் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிதான் காரணம் என்று சொன்னவள் இர்பானா ஒருத்திதான். அந்த வரியில் கோளாறு இருக்கிறது என்று கணிப்பொறி முன்கூட்டியே எச்சரித்தபோது அதன் வாயை அடைத்தவளும் அவள்தான்.

பழவேற்காட்டில் மீனவர்களுக்கு வலையும் கயிறும் விற்கும் ஹனீபின் மகள் அவள். கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 2005இல் படித்து முடித்தாள். அந்தத் தெருவிலிருந்து பொறியியல் படித்த முதல் பெண். "பொட்டப்புள்ளய மிஷின் படிக்க வெச்சா எவன் கட்டுவான்" என்று கேட்டவர்களுக்கு ஹனீப் பதில் சொன்னதில்லை. அவள் சொல்லியிருக்கிறாள். சென்னையில் ஆறு கம்பெனிகளுக்கு நேர்காணலுக்குப் போனாள். ஓரிடத்தில் ஒருவர் அவள் தலையிலிருந்த துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுக் கஸ்டமர் வரும்போது இது இருக்குமா?" என்று கேட்டார். "தலை இருக்கிற வரைக்கும் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். கடைசியில் வேலை கொடுத்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி. சம்பளம் சென்னையில் கொடுப்பதில் பாதி. பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி, பிறகு ஷேர் ஆட்டோ. தினமும் போகவர நான்கு மணி நேரம்.

கம்பெனிக்கு இரண்டு கொட்டகைகள். ஒன்றில் பத்து பிரஸ் இயந்திரங்கள் இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்கான பாகங்களாக வெட்டும். மற்றதில் அந்த பிரஸ்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லுக்கு நிரல் எழுதும் நான்கு பேரில் இர்பானாவும் ஒருத்தி.

பிரஸ்ஸில் நிற்பவன் தகட்டைக் கையால் உள்ளே வைத்து, கையை எடுத்து, காலால் பெடலை மிதிப்பான். நூற்றைம்பது டன் கீழே இறங்கும். மணிக்கு அறுநூறு தடவை. அறுநூறு தடவை செய்கிற வேலையில் கையும் காலும் ஒருநாள் தாளம் தப்பாது என்று எந்த மடையனும் சொல்ல மாட்டான். அதனால்தான் பிரஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் ஒளிக்கதிர் ஓடும் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். தொழிலாளர்கள் அதைக் 'கண்ணு' என்பார்கள். குறுக்கே கை இருந்தால், பெடலை மிதித்தாலும் பிரஸ் இறங்கக் கூடாது. அவ்வளவுதான் அந்தக் கண்ணுக்கு வேலை.

சசிகுமார் ஐந்தாம் பிரஸ்ஸில் நான்கு வருடமாகக் காண்டிராக்ட் தொழிலாளி. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் குப்பனின் மகன். பத்தாவது வரை படித்தவன். வலை வாங்க வரும் குப்பனோடு சின்ன வயதிலிருந்தே ஹனீபின் கடைக்கு வந்து போனவன் என்பதால் இர்பானாவுக்கு அவன் அண்ணன் முறை. இருவருக்கும் ஒரே பேருந்து.

"இன்னாம்மா, உன் பொட்டி ஒழுங்கா கண்ண முழிச்சிக்கினு இருக்குதா?" என்று கேட்பான்.

"நீ ஒழுங்கா முழிச்சிக்கினு நில்லுண்ணா."

"நான் தூங்குனாலும் அது முழிச்சிக்கினு இருக்கணும். அதுக்குத்தான உனுக்கு ஏ.சி. ரூமு."

2007 ஆகஸ்டில் ஒரு பெரிய வாகனக் கம்பெனி நாற்பது பெட்டிகள் வேண்டும் என்றது. ஒரு நிபந்தனை. நிரலைத் தானாகவே சோதிக்கும் கருவி ஒன்றைக் கம்பெனியில் நிறுவ வேண்டும். அதன் அறிக்கையை அவர்களுடைய ஆய்வாளர்களுக்குக் காட்ட வேண்டும். மென்பொருள் பிரிவின் மேலாளர் பாக்கியராஜ் இந்த வேலையை இர்பானாவிடம் தள்ளினார். மற்ற மூன்று பேரும் இது வேலையே இல்லை என்று நினைத்தார்கள். அவளுக்கோ இதைவிட நல்ல வேலை வாய்த்ததில்லை.

அந்தக் கருவிக்கு லிண்ட் என்று பெயர். நிரலை ஓட்டிப் பார்க்காமலே, எழுதியதைப் படித்தே குறை கண்டுபிடிக்கும். அவர்கள் எழுதிய மொழியில் ஒவ்வொரு மதிப்பையும் இன்ன வகை என்று முன்பே அறிவிக்க வேண்டும். எழுத்தா, எண்ணா, கழித்தல் குறி வரக்கூடிய எண்ணா, வராத எண்ணா என்று. ஒரு வகைக்குள் இன்னொரு வகையைத் திணித்தாலும் கம்ப்யூட்டர் முணுமுணுக்காமல் விழுங்கிவிடும். லிண்ட் விழுங்காது. எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன தவறு என்று சொல்லும்.

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, அதில் லிண்டை ஏற்றினாள். நான்கு பேரில் யார் நிரலை எல்லாருக்கும் பொதுவான கம்ப்யூட்டர் கிடங்கில் வைத்தாலும் அடுத்த ஐந்து நிமிடத்தில் அது தானே எடுத்துப் படித்து, எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பும்படி செய்தாள். அவர்களுடைய சில்லுக்கென்று உள்ள சொற்களை லிண்டுக்குப் புரியவைக்கவே இரண்டு வாரம் ஆனது. முதல் அறிக்கை செப்டம்பர் பத்தாம் தேதி வந்தது. மூவாயிரத்து நூற்று நாற்பது எச்சரிக்கைகள்.

பக்கத்து இருக்கைச் சின்னராசு பட்டியலை உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஊட்டுக்கு வந்த நாத்தனாரு மாதிரி. தும்முனாக்கூட எழுதி வெக்குது" என்றான்.

"தும்மல்ல எது சளி, எது காசம்னு நாமதான் பாக்கணும்."

பார்க்க ஆரம்பித்தாள். பெரும்பாலானவை சளிதான். பயன்படுத்தாத பெயர்கள், தேவையில்லாத வரிகள். ஐந்து வாரத்தில் தொள்ளாயிரம் தீர்ந்தன. தவறவிட்டிருந்தால் ஒருநாள் கழுத்தறுத்திருக்கும் என்று சொல்லத்தக்கவை அதில் நான்கு இருந்தன. நான்கையும் கண்டுபிடித்த அன்று மாலை, ரயிலில் உட்கார இடம் கிடைத்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே ஊர் போய்ச் சேர்ந்தாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லாம் சுத்தமாக வேண்டும். இயந்திரத்தைக் கழுவுவார்கள், தரையைத் தேய்ப்பார்கள். கணக்கு நோட்டுகளுக்கு மஞ்சள் தடவி முதலாளி, சாமி படத்தின் முன் அடுக்குவார். ஒவ்வொரு பிரிவும் தன் தொழிலுக்கு அடையாளமாக ஏதாவது ஒன்றைப் பூஜைத் தட்டில் வைக்க வேண்டும் என்பது அங்கே பல வருட வழக்கம். கிடங்கு ஒரு பூட்டை வைக்கும், பிரஸ் பிரிவு ஒரு ஸ்பேனரை வைக்கும். மென்பொருள் பிரிவிடம் வைப்பதற்கு எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. போன வருடம் வைத்த கீபோர்டு, குங்குமம் விழுந்து கெட்டுப்போனது. இந்த வருடம் பாக்கியராஜுக்கு ஒரு யோசனை வந்தது.

"லிண்ட் ரிப்போர்ட்ட பிரிண்ட் எடுத்து வெச்சுடலாம். ஜீரோ வார்னிங். முதலாளி கையால பொட்டு வெப்பாரு. அதையே ஃபிரேம் போட்டு ஆடிட்டுக்கும் காட்டலாம்."

"இன்னும் ரெண்டாயிரத்து எரநூறு இருக்கு சார்."

"பூஜைக்கு எத்தன நாள் இருக்கு?"

"ரெண்டு நாள்."

"தெரியுதுல்ல. வகைவகையா ஆஃப் பண்றதுக்கு வசதி இருக்குல்ல அதுல? ஆஃப் பண்ணு. பூஜை முடிஞ்சதும் ஆன் பண்ணிக்கோ. அமங்கலமா ரெண்டாயிரம் தப்போட ஒரு பேப்பரத் தட்டுல வெக்கச் சொல்றியா?"

வசதி இருந்தது. எந்த எச்சரிக்கை வேண்டாமோ அதை ஒரு விலக்குப் பட்டியலில் எழுதினால் லிண்ட் அதன்பின் வாயே திறக்காது. யாரும் இதைத் திருட்டுத்தனமாகச் செய்யக் கூடாது என்று, விலக்குகிறவர் பெயர், தேதி, காரணம் மூன்றையும் எழுதியே ஆக வேண்டும் என்று விதி வைத்தவள் இர்பானாதான்.

பதினோரு வகைகளை விலக்கினாள். அதில் ஒன்று, 'இந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது' என்ற எச்சரிக்கை. முப்பத்தெட்டு இடங்களில் வந்திருந்தது. ஆறைப் பிரித்துப் பார்த்தாள். ஆறும் பாதகமில்லாதவை. மீதி முப்பத்திரண்டைப் பார்க்க அரை நாள் போதும். அந்த அரை நாளைக் கேட்டு இன்னொரு முறை பாக்கியராஜின் முன் நிற்க அவளுக்கு அலுப்பாக இருந்தது. அலுப்பு என்பது அவள் அப்போது வைத்த பெயர். பயம் என்று பிறகு சொன்னாள். காரணம் என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று எழுதி, தன் பெயரையும் தேதியையும் போட்டாள்.

சனிக்கிழமை பூஜை. பொரி, கடலை, சுண்டல். எச்சரிக்கை பூஜ்யம் என்று அச்சடித்த தாள் பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவில் இருந்தது. முதலாளி அதில் பொட்டு வைத்துவிட்டு, "கம்ப்யூட்டரே சர்டிபிகேட் குடுத்துருச்சு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அதே நேரத்தில் பிரஸ் பிரிவின் சூப்பர்வைசர் கோபால் சந்தனக் கிண்ணத்தோடு பத்து இயந்திரங்களையும் சுற்றி வந்தார். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் நெற்றி போல் இருக்கும் இடத்தில் ஒரு பட்டை. பெடலுக்கு ஒன்று. பக்தியில் குறை வைக்கக் கூடாது என்று, கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சியதில் ஐந்தாம் பிரஸ்ஸின் கண்ணுக்கும் கட்டைவிரல் நிறையச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை எட்டே கால் மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பிரஸ்ஸின் சத்தமல்ல. பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்று, கொட்டகையில் இதுவரை யாரும் கேட்டிராத அமைதி வந்ததே, அது. இர்பானா ஓடிப் போனபோது சசிகுமாரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். தகட்டின்மேல் கிடந்ததை ஒருவர் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

அன்று மதியத்துக்குள் காரணங்கள் தயாராகிவிட்டன. சசிகுமார் பூஜையன்று செருப்புக் காலோடு நின்றான் என்று ஒருவன் கண்டுபிடித்தான். லீவில் குடித்திருப்பான், போதை இறங்காமல் வந்திருப்பான் என்றது நிர்வாகம். கண்ணைச் சோதித்தீர்களா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மனிதனுக்கு ஒரு ஆபத்து வந்தால் வானத்தைப் பார்ப்பார்கள், அடிபட்டவனின் வாயை முகர்ந்து பார்ப்பார்கள். இயந்திரத்தைத் திறந்து பார்க்க மட்டும் ஒருவனுக்கும் கை வராது. திறந்தால் உள்ளே யாருடைய கையெழுத்து இருக்குமோ என்ற அச்சம் சாமி பயத்தைவிடப் பெரியது.

இர்பானா தன் இடத்துக்குப் போய் விலக்குப் பட்டியலைத் திறந்தாள். பதினோரு வகைகளையும் ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தாள். முப்பத்தெட்டில் அவள் பார்க்காமல் விட்ட முப்பத்திரண்டையும் பார்த்தாள். பதினேழாவது, கண்ணைப் படிக்கும் நிரலில், இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி.

கண் மூன்று விதமாகப் பதில் சொல்லும். குறுக்கே கை இருந்தால் பூஜ்யம். வழி திறந்திருந்தால் ஒன்று. ஒளி மங்கி, எனக்கே சரியாகத் தெரியவில்லை என்றால் கழித்தல் ஒன்று. பூஜ்யத்துக்கும் கழித்தல் ஒன்றுக்கும் பிரஸ் நிற்க வேண்டும், வேறு எதற்கும் இறங்கலாம் என்பது நிரல். 2004இல் எழுதிவிட்டு வெளிநாடு போன ஒருவர், அந்தப் பதிலை வாங்கி வைக்கும் இடத்தைக் கழித்தல் குறியே ஏற்காத வகையாக அறிவித்திருந்தார். கழித்தல் குறி போடக் கட்டமே இல்லாத படிவத்தில் கழித்தல் ஒன்றை எழுதச் சொன்னால் எப்படி? சில்லு அதை இருநூற்று ஐம்பத்தைந்து என்று எழுதிக்கொண்டது. அடுத்த வரி, 'இது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் நிறுத்து' என்கிறது. ஒருநாளும் இருக்காது. இந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது என்று லிண்ட் சொன்னது அதைத்தான். கண் குருடாகும்போது, வழி திறந்திருக்கிறது என்று நினைத்து பிரஸ் இறங்கும்.

கண்ணைக் குருடாக்கியது எது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அது புதன்கிழமை தெரிந்தது.

புதன்கிழமை திருஷ்டி கழித்தார்கள். எங்கிருந்தோ ஒருவரை வரவழைத்து, ஐந்தாம் பிரஸ்ஸின் முன் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, பத்து இயந்திரங்களுக்கும் புதிதாகச் சந்தனம் வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்து நின்ற இர்பானாவின் கண், பிரஸ்ஸின் கண்ணில் விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் கோபாலிடம் போனாள். ஐம்பது வயது மனிதர். மீஞ்சூர்க்காரர். இருபது வருடமாகப் பிரஸ்ஸோடு இருப்பவர்.

"அண்ணா, ஒரு தொடப்பக்கட்ட குடு."

"எதுக்கும்மா?"

"அஞ்சாம் பிரஸ்ஸுக்குள்ள நீட்டு. பெடல மிதி."

"கண்ணு இருக்குது, எறங்காது."

"மிதிண்ணா."

அவர் நீட்டினார், மிதித்தார். துடைப்பக் கட்டை இரண்டாகி விழுந்தது. கோபால் கையில் மிச்சமிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் தன் துப்பட்டா முனையால் கண்ணிலிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு, மறுபடியும் நீட்டச் சொன்னாள். பிரஸ் அசையவில்லை.

"நீ வெச்ச சந்தனத்தால அதுக்குக் கண்ணு அவுஞ்சிடுச்சு. கண்ணு அவுஞ்சா நிக்கணும்னு நாங்க எழுதின நிரல்ல தப்பு. ரெண்டும் சேந்து சசி அண்ணன் கைய வாங்கிடுச்சு. சாமியும் இல்ல, சாராயமும் இல்ல."

கோபால் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பத்து இயந்திரங்களின் கண்களையும் துடைக்கப் போனார்.

பாக்கியராஜிடம் அவள் திருத்திய நிரலை எடுத்துக்கொண்டு போனாள். ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தாள். அவர் கதவைச் சாத்தினார். வேப்பம்பட்டில் மனை வாங்கி, வீடு பாதி எழும்பி நிற்கும் மனிதர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாட்டில் பாதி அக்கிரமம் இந்த மாதிரி நல்லவர்களால்தான் நடக்கிறது.

"இத இப்ப பெட்டியில ஏத்துனா இன்னா அர்த்தம்? தப்பு நம்மளுதுன்னு நாமே ஒத்துக்கறோம். அடுத்த மாசம் ஆடிட். என்கொயரி வேற இருக்கு. ரெண்டும் முடியட்டும், சத்தமில்லாம ஏத்திடலாம்."

"அதுவரைக்கும் பிரஸ் ஓடும். சந்தனம் இல்லன்னாலும் எண்ணெ தெறிச்சா போதும் சார், கண்ணு மங்கும்."

"தினம் தொடைக்கச் சொல்லு."

"அப்போ சசி அண்ணன் குடிச்சதாலன்னு எழுதுவீங்க."

பாக்கியராஜ் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, விலக்குப் பட்டியலின் பழைய பிரதியைத் திறந்து காட்டினார். "இதப் படி. யார் பேரு போட்டிருக்குது? காரணம் இன்னா எழுதியிருக்குது? 'பொருந்தாது'. நான் சொன்னேன்னு எங்கியாச்சும் இருக்குதா? வாயத் தொறந்தா மொதல்ல மாட்டறது நீ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் வெளியே வந்தாள். கழிவறையில் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்தவள்மேல் வந்த கோபம், கதவுக்குப் பின்னால் இருந்தவர்மேல் வந்ததைவிடக் குறைவில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சசிகுமார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். ஏரிக்கரைக் குப்பத்தில் அவனைப் பார்க்கப் போனாள். அவன் மனைவி சத்யா ஸ்டூலை எடுத்துப் போட்டாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி அவன்தான் முதலில் பேசினான்.

"ஞாயித்துக்கெழம ஒரு குவாட்டரு போட்டேன். இல்லன்னு சொல்லமாட்டேன். திங்கக்கெழம காலைல சத்தியமா இல்ல. ஆனா செருப்போட நின்னேன்மா. அது நெஜம்."

"அண்ணா, செருப்புக்கும் கைக்கும் இன்னா சம்மந்தம்?"

"ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லட்டும். நான் சொல்றதக் கேளு."

சொன்னாள். சந்தனத்தை, வரியை, துடைப்பக் கட்டையை, எல்லாவற்றையும். கேட்காமல் விட்ட அந்த அரை நாளை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. பிறகு அதையும் சொன்னாள். சத்யா, "நீ பாத்திருந்தா இது நடந்திருக்காதா?" என்று கேட்டாள்.

"நடந்திருக்காது."

சத்யா எழுந்து வெளியே போய்விட்டாள். சசிகுமார் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான். "வியாழக்கெழம என்கொயரி. குடிச்சிருந்தேன்னு எழுதிக்கினு வெளியே அனுப்பிடுவாங்க. இந்தக் கையோட வேற எவன் வேல குடுப்பான்? வலை இழுக்கவும் ஆவாது. அங்க வந்து இத சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

வீட்டில் தாய் குல்சும் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, தர்காவில் ஓதி வாங்கிய தாயத்தை எடுத்துவந்தாள். "கட்டிக்கினு போ. எவன் பேச்சும் உன்ன ஒண்ணும் செய்யாது."

"உம்மா, அங்க சந்தனம், இங்க கயிறு. என் வாய்தான் என்ன காப்பாத்தணும். காப்பாத்தலன்னாலும் பரவால்ல."

"நாக்குல நெருப்பு வெச்சிக்கினு பொறந்திருக்க" என்று குல்சும் முணுமுணுத்தாள். ஹனீப் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, "போய்ட்டு வரட்டும் உடு" என்றார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. முதலாளியின் அறைக்குப் பக்கத்து அறை. விசாரணை அதிகாரியாகத் திருவள்ளூரிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள். நிர்வாகம் நியமித்த விசாரணை, நிர்வாகம் அழைத்த வக்கீல், நிர்வாகம் கொடுத்த டீ. எதிரே சசிகுமார் மட்டும் தனியாக. சுவருக்கு அப்பால் பிரஸ்கள் இடித்துக்கொண்டிருந்தன. வக்கீலின் முன்னால் தட்டச்சடித்த அறிக்கை ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் மைப்பெட்டி.

இர்பானா அழைக்காமலே உள்ளே வந்தாள். பாக்கியராஜ் எழுந்தார். "இவங்க சாட்சிப் பட்டியல்ல இல்ல சார்."

"என்னய சேத்துக்குங்க" என்றாள். கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தாள். செப்டம்பர் பத்தாம் தேதி முதல் அறிக்கை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியின் கீழ் கோடு. பிறகு விலக்குப் பட்டியல். நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். பத்தாவது படித்தவனுக்கும் புரியும்படி சொன்னாள். வக்கீலுக்கும் புரிந்தது. புரிந்தது என்பது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதில் தெரிந்தது.

"இந்த எச்சரிக்கையை அணைச்சது யாரு?"

"நான்தான் சார். பூஜைத் தட்டுல வெக்க பூஜ்யம் வேணும்னு சொன்னாங்க. சொன்னது இவரு. செஞ்சது நான். பாக்காமலே 'பொருந்தாது'ன்னு எழுதினதும் நான்."

பாக்கியராஜ், "ஆதாரமில்லாம பேசறாங்க சார். தப்ப மறைக்க என் பேர இழுக்கறாங்க" என்றார்.

வக்கீல் பேனாவைத் திறக்கவில்லை. "அம்மா, இது தொழிலாளியோட நடத்தை பத்தின விசாரணை. உங்க கம்ப்யூட்டர் விவகாரம் தனி. சந்தனத்தால விரல் போச்சுன்னு எழுதினா படிக்கிறவன் சிரிப்பான்."

"குடிச்சதால போச்சுன்னு ரத்தம்கூட எடுத்துப் பாக்காம எழுதினா சிரிக்க மாட்டானா சார்? செருப்பால போச்சுன்னு பேசிக்கினா சிரிக்க மாட்டானா? காலைலேந்து இந்தக் கம்பெனியில நீங்க கேட்ட பேச்சுலயே சிரிக்கக் கூடாத பேச்சு இது ஒண்ணுதான்."

வக்கீல் சிவந்துபோய், கதவருகே நின்ற கோபாலைக் கூப்பிட்டார். "நீங்கதான் சூப்பர்வைசர். கண்ணு வேல செய்யுதா இல்லியா?"

கோபால் தரையைப் பார்த்தார். "செய்யுது சார்."

"அவ்வளவுதான்."

துடைப்பக் கட்டையைப் பிடித்திருந்த அதே கை இப்போது பின்னால் கட்டியிருந்தது. இர்பானா பேச வாயெடுப்பதற்குள் சசிகுமார் பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"கோபாலண்ணா. நாளைக்கி அஞ்சாம் பிரஸ்ல யார நிக்க வெப்ப?"

பின்னால் கட்டியிருந்த கையைக் கோபால் அவிழ்த்தார்.

"நீயே நில்லு. இல்ல உன் தங்கச்சி மவன் மூணாம் பிரஸ்ல கீறானே, அவன நிக்க வை. கண்ணுல கொஞ்சம் சந்தனம் வெச்சிட்டு நிக்க வை. நான் இங்கியே ஒக்காந்து பாக்கறேன்."

சுவருக்கு அப்பால் பிரஸ்கள் இடித்தன. ஒரு இடி, இன்னொரு இடி. கோபால் நிமிர்ந்தார்.

"சந்தனம் வெச்சது நான் சார். தொடப்பத்த நீட்டிப் பாத்ததும் நான். எறங்கிச்சு. தொடைச்சதும் எறங்கல. அந்தப் பொண்ணு சொல்றது நெஜம். எய்திக்குங்க."

பாக்கியராஜ் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கோபால் அவர் பக்கம் திரும்பவில்லை. கதவைத் திறந்தார்.

"எங்க போறீங்க? விசாரணை முடியல" என்றார் வக்கீல்.

"மிஷின நிறுத்தப் போறேன்."

அவர் போன பின்பு வக்கீல் பேனாவைத் திறந்தார். பிறகு தட்டச்சடித்த தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தார். இர்பானா ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'என்று கூறப்படுகிறது' என்று ஓரிடத்தில் வந்தது. "கூறப்படல சார், நான் சொல்றேன். என் பேரப் போடுங்க" என்றாள். போட்டார். பாக்கியராஜ் வெளியே போய் முதலாளியோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு உறை இருந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. மேசையின் ஓரத்தில் வைத்தார். அவள் பிரிக்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்று தெரியும். 'உங்கள் கவனக்குறைவால்' என்று ஆரம்பிக்கும். அது பொய்யும் அல்ல.

எழுதி முடித்ததும் வக்கீல் தாளைச் சசிகுமார் பக்கம் நகர்த்தினார். பழக்கத்தில் மைப்பெட்டியையும் சேர்த்து நகர்த்தினார். "இடது கட்டவெரல வை."

சசிகுமார் மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளினான். "பேனா குடு சார். எனுக்கு எய்தத் தெரியும்."

பேனாவை இடது கையில் வாங்கினான். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கையால் எழுதினான். 'ச' ஒரு பக்கம் சாய்ந்து, கோடு தாண்டி, நடுங்கி நின்றது. அடுத்த 'சி'யின் மேல்விலங்கைச் சுழிக்க அரை நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. சுவருக்கு அப்பால் ஒரு பிரஸ் நின்றது. பிறகு இன்னொன்று. அவன் 'கு' எழுதிக்கொண்டிருந்தான்.